தேக்குக் கட்டை வைத்த கிட்டார்

கால் இடிக்கிறதா சார்? கொஞ்சம் சாய்த்து வைத்துக்கொள்கிறேன். மேலே கம்பித் தட்டில் போட முடியாது. போட்டால் ஒவ்வொரு வளைவுக்கும் எழுந்து எழுந்து பார்த்துக்கொண்டிருப்பேன், உங்களுக்குத்தான் தொந்தரவு. கிட்டார்தான். என்னுடையது இல்லை, என் வீட்டுக்காரியுடையது. பெர்னதெத் என்று பேர். பெர்னா என்று கூப்பிடுவோம். திண்டுக்கல்லில் அவள் அக்கா வீட்டில் இருக்கிறாள். இரண்டு மாதமாகிறது. இன்றைக்கு இதைக் கொடுத்து அவளைக் கையோடு கூட்டிவந்துவிடலாம் என்று கிளம்பியிருக்கிறேன். சாயங்காலம் நாலரைக்குத் திருச்சி பஸ் ஒன்று இருக்கிறது.

நீங்கள் பழனி வரைக்குமா? நல்லது. தூக்கம் வந்தால் சொல்லிவிடுங்கள், நிறுத்திக்கொள்கிறேன்.

ஒரு கிட்டாருக்காக ஒரு பொம்பளை வீட்டை விட்டுப் போவாளா சார்? முப்பத்தொரு வருஷம் குடித்தனம் பண்ணினவள். நீங்களே சொல்லுங்கள். இல்லை, முழுசாகக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

என் பேர் லூர்துராஜ். பொன்மலை ரயில்வே பணிமனையில் தச்சு வேலை பார்த்தேன், போன வருஷம்தான் ஓய்வு. ஆனால் எங்கள் பக்கத்தில் மைக்செட் லூர்து என்றால்தான் தெரியும். மெல்லிசைக் குழு ஒன்று வைத்திருக்கிறோம். கோயில் திருவிழா, கல்யாணம், பள்ளிக்கூட ஆண்டு விழா. நான் மேடை ஏறுகிற ஆள் இல்லை. கீழே மிக்ஸர் போர்டில் உட்காருகிற ஆள். பாட்டு, தபலா, கீபோர்டு, எல்லார் சத்தமும் ஆளுக்கொரு வயரில் என்னிடம் வரும். எதைக் கூட்டலாம், எதைக் குறைக்கலாம் என்று பார்த்து நான்தான் வெளியே விடுவேன். இருபத்தேழு வருஷம். ஒரு நிகழ்ச்சியிலும் ஊளை வந்ததில்லை. ஊளை தெரியும்தானே? கல்யாண மண்டபத்தில் யாராவது மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு ஸ்பீக்கர் பக்கம் போனால் ‘கூ’ என்று காதைக் கிழிக்குமே, அதுதான். அது வந்துவிட்டால் சனம் பாடுகிறவரைப் பார்க்காது. அத்தனை தலையும் திரும்பி மைக்செட்காரனைத்தான் பார்க்கும். அந்தப் பார்வையை நான் ஒரு நாளும் வாங்கியதில்லை.

இந்தக் கிட்டாருக்கு அந்த வியாதி உண்டு.

செமி அக்கூஸ்டிக் என்பார்கள். பிள்ளைகள் தோளில் மாட்டிக்கொண்டு போகிற சாதாரணக் கிட்டார் இல்லை, ராக் பாட்டுக்காரன் வைத்திருக்கிற கனத்த பலகையும் இல்லை. இரண்டுக்கும் நடுவில். வயலின் மாதிரி மேலே வளைவான பலகை, இரண்டு பக்கமும் கொக்கி வடிவத்தில் ஓட்டை, உள்ளே வெறும் பொந்து. ஆனால் கரண்டில் வாசிக்கிறது.

ஆரம்பத்தில் கிட்டார் வாயில்லாப் பூச்சி சார். அமெரிக்காவில் பெரிய பெரிய ஊதுகுழல் கோஷ்டிகளுக்கு நடுவில் கிட்டார்காரன் உட்கார்ந்திருப்பான். கை ஆடுவது தெரியும், சத்தம் தெரியாது. முப்பதுகளில் பிக்கப் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். காந்தம், அதைச் சுற்றி முடி மாதிரிக் கம்பி. தந்தி ஆடினால் அது கரண்டாக மாறி ஸ்பீக்கருக்குப் போகும். சரி, கிட்டார்காரனுக்கும் வாய் வந்தது. வந்ததும் வந்தது வினை. ஸ்பீக்கரில் இருந்து வருகிற சத்தம் திரும்பி வந்து இந்தப் பொந்துக்குள் புகும். மேல் பலகை தவில் தோல் மாதிரி அதிரும். பலகை அதிர்ந்தால் தந்தி அதிரும், தந்தி அதிர்ந்தால் மறுபடி ஸ்பீக்கர். இரண்டு சம்பந்திகள் ஒரு விஷயத்தை மாற்றி மாற்றிச் சொல்லிப் பெரிதாக்குவது போல. கடைசியில் ஊளை.

அங்கே ஒரு ஆள் என்ன செய்தான் தெரியுமா? நெட்டில் படித்தேன். நாலங்குலத்துக்கு நாலங்குலம் ஒரு மரக்கட்டை. அதில் தந்தியைக் கட்டி, பிக்கப்பை வைத்து வாசித்தான். ஊளையே இல்லை. ஆனால் சனம் கண்டுகொள்ளவில்லை, கட்டையைப் பார்த்துவிட்டு யார் கேட்பார்கள்? அவன் என்ன பண்ணினான், ஒரு நல்ல கிட்டாரை நீளவாக்கில் அறுத்து, இரண்டு பாதியையும் கட்டைக்கு இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி ஒட்டினான். அதே கட்டை, அதே தந்தி. அதற்கப்புறம் எல்லாரும் பாராட்டினார்களாம். எனக்கு ரொம்பப் பிடித்த கதை இது. உள்ளே கட்டை இருந்தால் என்ன, பார்க்க இலட்சணமாக இருந்தால் போதும்.

பிறகு ஐம்பத்தெட்டில் ஒழுங்காகவே வழி கண்டார்கள். உடம்பை ஒல்லியாக்கி, நடுவில் கழுத்தில் இருந்து அடி வரைக்கும் ஒரு கட்டை, இரண்டு பக்கமும் பொந்து. அதற்கும் செமி அக்கூஸ்டிக் என்றுதான் பேர். ஊளை அடங்கியது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் செய்தது நானாகக் கற்பனை பண்ணிக்கொண்டு செய்ததில்லை. உலகம் ஒத்துக்கொண்ட வழி.

மணப்பாறை வந்துவிட்டது. முறுக்கு வாங்கட்டுமா? வேண்டாமா? சரி.

இந்தக் கிட்டார் அவள் அப்பா வாங்கிக் கொடுத்தது. அவர் ரயில்வேயில் கார்டு, கடைசிப் பெட்டியில் நின்று கொடி காட்டுகிற உத்தியோகம். பக்கத்துப் பங்களா ஆங்கிலோ-இந்தியக் குடும்பம் ஆஸ்திரேலியாவில் பெர்த் என்கிற ஊருக்குக் குடிபெயர்ந்தபோது சாமானெல்லாம் விற்றுவிட்டுப் போனார்கள். மற்றவர்கள் அலமாரி வாங்கினார்கள், மேசை வாங்கினார்கள். இவர் பன்னிரண்டு வயசுப் பெண்ணுக்குக் கிட்டார் வாங்கினார். முழுப் பொந்துக் கிட்டார், ஐரோப்பாவில் எங்கேயோ செய்தது. கல்யாணத்துக்கு அவள் கொண்டுவந்த சாமானில் பாத்திரத்தைவிட இதுதான் முதலில் வீட்டுக்குள் வந்தது.

எங்கள் குழுவில் கிட்டார் வாசித்தவன் துபாய்க்குப் போனபோது, பெர்னா வாசிக்கட்டும் என்று சொன்னதே நான்தான். எங்கள் சனத்தில் எத்தனை புருஷன் பெண்டாட்டியை மேடை ஏற்றுவான்? நான் ஏற்றினேன். பத்தொன்பது வருஷம். அதையெல்லாம் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

ஏற்றியதோடு விடவில்லை, பாதுகாத்தேன். மிக்ஸரில் ஒவ்வொருவருக்கும் ஒரு தள்ளுக் கட்டை இருக்கும், மேலே தள்ளினால் பத்து வரைக்கும் சத்தம் கூடும். அவளுடைய கட்டை மூன்றுக்கு மேலே போனால் ஊளைக்கு வாசல் திறந்த மாதிரி. யாராவது கைபட்டுத் தள்ளிவிட்டால்? அதனால் மூன்றில் ஒரு தீக்குச்சியை ஒடித்துச் செருகி வைத்தேன். அதற்கு மேலே போகாது. பத்தொன்பது வருஷமும் அந்தக் குச்சி அங்கேயே இருந்தது. பழசானால் மாற்றுவேன். அவளுக்கு எதற்கு அந்தக் கவலையெல்லாம் என்று நான் சொன்னதில்லை. நிகழ்ச்சி முடிந்து வீட்டுக்கு வரும்போது கேட்பாள், சனத்துக்கு நான் கேட்டேனா என்று. நல்லா கேட்டுச்சு என்பேன். வேறு என்ன சொல்ல?

போன வருஷம் எனக்கு டைபாய்டு. எங்கள் சர்ச்சில் மிக்கேல் சம்மனசு திருவிழா, தேவதூதர் மிக்கேலுக்கு எடுக்கிறது, சாயங்காலப் பூசை முடிந்ததும் எங்கள் கச்சேரி. போர்டில் உட்கார முடியவில்லை. வையம்பட்டி கலியமூர்த்தியைப் பிடித்தோம், அவரும் மைக்செட் வைத்திருப்பவர், பழைய ஆள். நான் பந்தலுக்குப் பின்னாலே ஒரு பெஞ்சில் போர்த்திக்கொண்டு படுத்திருந்தேன். அந்த ஆள் குச்சியை எடுத்துவிட்டார் சார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேடைக்கே போய்ப் பெர்னாவிடம் காட்டி, “ஏம்மா, இது எதுக்கு இங்க சொருகியிருக்கு?” என்று கேட்டிருக்கிறார்.

மூன்றாவது பாட்டோ நான்காவது பாட்டோ. படுத்திருந்தபடியே கேட்டேன். ஊளை. மெதுவாக ஆரம்பித்தது, நீளமாக, முடியாமல் போய்க்கொண்டே இருக்கிறது. தபலா நின்றுவிட்டது. சனம் மூச்சுக் காட்டவில்லை. நான் போர்வையைத் தலைக்கு மேலே இழுத்துக் காதைப் பொத்திக்கொண்டேன். முடிந்த பிறகு கைதட்டினார்கள். ரொம்ப நேரம் தட்டினார்கள். பாவப்பட்டுத் தட்டுகிறார்கள் என்று எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து, என் மாத்திரைக்குப் பக்கத்தில் அந்தத் தீக்குச்சியை வைத்துவிட்டுப் போனாள். நான் காய்ச்சல் மயக்கத்தில் அதை எடுத்துத் தீப்பெட்டியில் போட்டுவிட்டேன். மறுநாள், இது எத்தனை வருஷமாக இருக்கிறது என்று கேட்டாள். உன் நல்லதுக்குத்தான் என்றேன். அதோடு சரி. சண்டை இல்லை, அழுகை இல்லை.

ஆனால் ஒரு மாசம் அவள் பட்ட பாடு இருக்கிறதே. தினமும் மத்தியானம் ஆம்ப்ளிஃபயரை முன் அறையில் வைத்து, கிட்டாரோடு அதன் முன்னால் போய் நிற்பாள். இப்படித் திரும்புவாள், அப்படித் திரும்புவாள். ஊளை வரும். ஒரு அடி பின்னால் வைப்பாள், குறையும். முட்டியைக் கொஞ்சம் மடக்குவாள், வேறு மாதிரி வரும். தரையில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருந்தாள், எங்கே நின்றால் எப்படி வருகிறது என்று. கீழ்வீட்டு அம்மா சத்தம் தாங்க முடியாமல் வந்து பார்த்துவிட்டு, “என்ன பெர்னா, நாய்க்குட்டி வளக்குறியா?” என்று கேட்டுவிட்டுப் போனது. இவள் சிரித்தாள். எனக்குப் பாவமாக இருந்தது. இந்த வயசில், ஒரு வியாதி பிடித்த கிட்டாரை வைத்துக்கொண்டு இப்படிப் போராடுகிறாளே, வெளியே சொல்லிக்கொள்ளாமல் சிரித்துக்கொண்டே திரிகிறாளே என்று. சமையல் பண்ணும்போதுகூட அந்த ஊளையைத்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் முடிவு செய்தேன்.

அவள் அக்கா மகளுக்குப் பிரசவம், உதவிக்கு இருபது நாள் திண்டுக்கல் போனாள். பத்தோடு பதினொன்றாகக் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனாள். நான் இறங்கினேன். முப்பத்தைந்து வருஷம் ரயில் பெட்டிக்கு ஜன்னல் சட்டம் இழைத்த கை சார் இது. பின் பலகையின் ஓரத்தில் ஆவி காட்டி, சூடு பண்ணின கத்தியை விட்டு விட்டு, ஒரு கீறல் இல்லாமல் கழற்றினேன். ஏலத்தில் எடுத்து வைத்திருந்த பழைய பர்மா தேக்கு, நாற்பது வருஷம் காய்ந்தது, அதில் கட்டை இழைத்தேன். மேல் பலகையின் வளைவுக்குச் சரியாக, ஒரு தாள் நுழையாது. உள்ளே வைத்து, பசை போட்டு, இறுக்கிக் கட்டி, மூன்று நாள் தொடவில்லை. திரும்ப மூடி மெருகு பூசினேன். வெளியிலிருந்து பார்த்தால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. எங்கள் குழுவில் பாடுகிற டொமினிக் அண்ணன் தூக்கிப் பார்த்துவிட்டு, “லூர்து, இதுல பெர்த் நம்பர் எழுதாம விட்டுட்டியே” என்றார். கனம் ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது உண்மைதான். அதற்கும் அகலமான தோள்பட்டையாகப் பார்த்து வாங்கி வைத்தேன்.

வந்தாள். கையில் எடுத்தாள். எடுத்ததுமே முகம் ஒரு மாதிரி ஆயிற்று. பின்னால் விரலால் தட்டினாள். முன்பெல்லாம் ‘டும்’ என்று பானை மாதிரிக் கேட்கும். இப்போது ‘டொக்’. மறுபடி தட்டினாள். கதவைத் தட்டுவது போல நாலைந்து தரம் தட்டினாள். நான் கட்டை வைத்ததை, பசை போட்டதை, ஐம்பத்தெட்டை, எல்லாம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “சரி” என்றாள். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்றுதான் சார் நினைத்தேன். வேறு எப்படி நினைப்பது?

அப்புறம் நாலு மாசம் ஒரு குறை சொல்லவில்லை. கூப்பிட்ட நிகழ்ச்சிக்கெல்லாம் வந்தாள், வாசித்தாள், வீட்டுக்கு வந்தாள். வீட்டில் மட்டும் அதைத் தொடுவதில்லை. சனத்துக்குக் கேட்டேனா என்றும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய அவசியம் இல்லையே, இப்போது நன்றாகவே கேட்குமே.

பாஸ்கா, ஈஸ்டர் பண்டிகை, முடிந்து ஒரு நிகழ்ச்சி. டொமினிக் அண்ணன் சொன்னார், அன்றைக்கு மிக்கேல் திருவிழாவில் பெர்னா தனியாக வாசித்தது போல இன்றைக்கும் வாசிக்கட்டும் என்று. காய்ச்சல் தெளிந்ததும் பழக்கத்தில் மறுபடி ஒரு குச்சி செருகியிருந்தேன், அதை நானே பிடுங்கி எறிந்தேன் சார். நானே, இந்தக் கையால், போர்டில் அவளுடைய தள்ளுக் கட்டையைப் பத்து வரைக்கும் தள்ளினேன். அவள் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். ஒரு தந்தியை அழுத்திப் பிடித்து ஒரு தட்டு தட்டினாள். சத்தம் வந்தது, குறைந்தது, நின்றுவிட்டது. அவள் விரலை எடுக்கவில்லை. இப்படித் திரும்பினாள். அப்படித் திரும்பினாள். முட்டியை மடக்கினாள். இன்னும் கிட்டே போனாள், ஸ்பீக்கரை முட்டுகிற மாதிரி. ஒன்றும் இல்லை. ஒரு பூனைக்குட்டிச் சத்தம்கூட இல்லை. பத்தில் வைத்தும்! போர்டில் இருந்து எழுந்து நின்று கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள். சனம், இந்தம்மா பாட்டை மறந்துவிட்டது போல என்று பேசிக்கொண்டார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்?

அது ஞாயிற்றுக்கிழமை. செவ்வாய்க்கிழமை கொடியில் காய்ந்த துணியெல்லாம் எடுத்து மடித்து, என்னுடையதைத் தனியாக, அவளுடையதைத் தனியாக வைத்தாள். அவளுடையதைப் பையில் போட்டாள். அப்போதுதான் பேசினாள்.

“அது கெட்டுப் போகவே இல்லையே. எதுக்குங்க சரி பண்ணுனீங்க?”

ஊளையிட்டதே என்றேன்.

“அது தானா வரல. நான் வர வச்சேன்.”

என்ன பேச்சு சார் இது? யாராவது வேண்டுமென்றே ஊளையை வரவழைப்பார்களா? இருபத்தேழு வருஷம் நான் எதை வரவிடாமல் காத்தேனோ, அதை வரவழைத்தேன் என்கிறாள், என் முகத்துக்கு நேரே. எனக்கும் கோபம் வந்தது. போ என்று சொல்லவில்லை. ஆனால் போகாதே என்றும் சொல்லவில்லை. அதுதான் நான் செய்த தப்பு. வேறு தப்பு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. ஒரே மகன் கோயம்புத்தூரில் இருக்கிறான். அவனிடம் சொன்னேன். அம்மாவைக் கொஞ்ச நாள் விடுங்கப்பா என்று போனை வைத்துவிட்டான்.

ஒரு தரம் போய்ப் பார்த்தேன். கதவைத் திறந்த அக்கா, அவள் குளிக்கிறாள் என்றது. ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு நேரம் யார் குளிப்பார்கள்? காபி கொடுத்தார்கள், குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

வடமதுரை தாண்டிவிட்டது, பார்த்தீர்களா. பேசினால் நேரம் போவது தெரியவில்லை.

ஒன்றை உங்களிடம் சொல்லாமல் விட்டுவிட்டேன். போன வியாழக்கிழமை அவளே போன் பண்ணினாள். இரண்டு மாதத்தில் முதல் தடவை. அவள் என்ன சொன்னாள் என்றால், “கிட்டார் எனக்கு வேணும். பஸ்ல கண்டக்டர்கிட்ட குடுத்து விடுங்க, ஸ்டாண்டுல வந்து வாங்கிக்கிறேன். நீங்க வராதீங்க.” அங்கே ஒருத்தர் கட்டையை எடுக்க முடியுமா என்று பார்க்கிறேன் என்றிருக்கிறாராம். நான் பதறிப்போய்ச் சொன்னேன். அது சாதாரணப் பசை இல்லை, கட்டையைப் பெயர்த்தால் மேல் பலகை கிழிந்துவிடும், கிட்டாரே இருக்காது என்றேன்.

“கிழிஞ்சா கிழியட்டும்” என்றாள்.

இந்த பஸ் நம்பரைக் காலையில் மெசேஜ் அனுப்பினேன். கொடுத்துவிட்டேன் என்று போட்டேன். நானும் ஏறியிருக்கிறேன் என்று போடவில்லை. வராதீங்க என்பது கோபத்தில் சொல்வதுதானே? நேரில் பார்த்தால் மனசு இளகிவிடும். என்ன பேசுவது என்றெல்லாம் யோசித்து வைத்திருக்கிறேன். கட்டையை எடுக்காதே, உனக்கு வேறு கிட்டார் வேண்டுமானால் வாங்கலாம், இது உன் அப்பா கொடுத்தது, உடைய வேண்டாம். அப்படி ஆரம்பிக்கலாம். சரிதானே?

என்ன கேட்டீர்கள்?

அன்றைக்கு என்ன பாட்டு வாசித்தாள் என்றா? மிக்கேல் திருவிழாவிலா?

இருங்கள். மூன்றாவதோ நான்காவதோ... எனக்குக் காய்ச்சல் சார், சொன்னேனே, போர்வையை இழுத்துக்கொண்டேன். கலியமூர்த்தியைக் கேட்டால் சொல்லுவார்.

அதற்கு முந்தியா? முந்தி எத்தனையோ வாசித்திருக்கிறாள். பத்தொன்பது வருஷமாயிற்றே. அவளுக்கு என்று ஒரு பாட்டு... ஹெட்போனைக் காதில் மாட்டினால் நான் கழற்றவே மாட்டேன் சார், அவ்வளவு கவனம். ஊளை வருகிறதா, வருகிறதா என்று அதைத்தான் கேட்டுக்கொண்டிருப்பேன். பாட்டு...

இல்லை. வரவில்லை. ஒன்றுகூட வரவில்லை.

கேட்டிருக்க வேண்டாம் நீங்கள்.

ஸ்டாண்டுக்குள் திரும்பிவிட்டான். அதோ சார். அந்தத் தூணுக்கு இந்தப் பக்கம், ஊதாச் சேலை, வெள்ளைப் புள்ளி போட்டது. அவள்தான். தனியாகத்தான் நிற்கிறாள். இளைத்த மாதிரி இருக்கிறாள். இல்லை, அப்படியொன்றும் இளைக்கவில்லை. முன் வாசலைத்தான் பார்க்கிறாள், உள்ளே பார்க்கவில்லை.

சார், ஒரு உதவி பண்ணுவீர்களா? பழனி பஸ் இங்கே பத்து நிமிஷம் நிற்கும். இதை நீங்கள் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்துவிடுங்கள். கனக்கும், பார்த்து. கண்டக்டர் கொடுக்கச் சொன்னார் என்று மட்டும் சொல்லுங்கள். கட்டையைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டாம். எடுக்காதே என்றெல்லாம் சொல்ல வேண்டாம். நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன், பழனி வரைக்கும் டிக்கெட் எடுத்துக்கொள்கிறேன், அங்கே போய்த் திரும்பிக்கொள்கிறேன்.

இறங்குவதற்கு முன்னால் அந்த ஜன்னல் ஷட்டரை மட்டும் இறக்கிவிட்டுப் போங்கள் சார். எனக்குக் கை எட்டவில்லை. என்னைப் பார்த்துவிட்டால் அவள் இதை வாங்காமலே போய்விடுவாள்.